கத்திக்கு அவசரமில்லை, உப்புக்குத்தான் அவசரம்

பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்று பார்த்தவுடன் சொல்ல முடியவில்லையா? வீட்டில் எல்லோரும் கேட்பது, "ஆபரேஷன் எப்போது?" முதலில் கேட்க வேண்டியது, "சோடியம், பொட்டாசியம் பார்த்தாச்சா?"

குரோமோசோம் 46,எக்ஸ்.எக்ஸ். (பெண்களுக்கு வழக்கமாக இருப்பது) ஆக இருந்து இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காரணம் சி.ஏ.எச். எனும், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியின் கோளாறு. 21-ஹைட்ராக்ஸிலேஸ் நொதி குறைவதால் கார்டிசால் எனும் ஹார்மோன் போதிய அளவு சுரக்காது. அதற்கான மூலப்பொருள் ஆண் ஹார்மோன் பக்கம் திரும்பிவிடும். கருவிலேயே கிளிட்டோரிஸ் பெரிதாகும். யோனியும் சிறுநீர்ப்பாதையும் ஒரே வாசலில் போய்ச் சேரலாம். இந்தத் தோற்றத்தால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆபத்து, சிறுநீரில் உப்பு வெளியேறும் வகையில் இருக்கிறது. முதல் மூன்று வாரத்துக்குள் பால் குடிப்பது குறையும், வாந்தி எடுக்கும், எடை சரியும். ரத்தத்தில் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறும். அதனால்தான் 48 மணி நேரம் கழிந்ததும் 17-ஓ.எச்.பி. பரிசோதனை, அதாவது இந்த நொதி குறைந்தால் ரத்தத்தில் தேங்கும் பொருளை அளப்பது. (இதே கோளாறுள்ள ஆண் குழந்தைக்கு உறுப்பு வழக்கம்போலவே இருக்கும் என்பதால், யாரும் சந்தேகப்படாமலே உப்பு நெருக்கடிக்குப் போய்விடுகிறது.)

கார்டிசாலுக்கு ஈடாகத் தரும் ஹைட்ரோகார்டிசோன் பொதுவாக உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மி.கி., மூன்று வேளையாகப் பிரித்து. கூடவே, உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஃப்ளுட்ரோகார்டிசோன், கைக்குழந்தைக்குப் பாலோடு நாளுக்கு 1 முதல் 2 கிராம் உப்பு. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோனை இரண்டு, மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசிதான், தாமதிக்கக் கூடாது. எடைக்கும் ரத்த அளவுக்கும் ஏற்ப ஹார்மோன் மருத்துவர் அளவை மாற்றிக்கொண்டே போவார்.

இனி கத்தி. சிறுநீர் வெளியேற வழியில்லை, அல்லது அது யோனிக்குள் தேங்கித் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அறுவைக்குக் காரணம் உண்டு. கிளிட்டோரிஸ் பெரிதாகத் தெரிகிறது என்பது காரணமே அல்ல. அதை வெட்டிச் சிறிதாக்கும்போது நரம்பு அறுந்தால் உணர்ச்சி திரும்பாது. மருந்து சரியாக நடந்தால், குழந்தை வளர வளர அது அவ்வளவு எடுப்பாகத் தெரியாமலும் போகலாம். கைக்குழந்தையில் செய்யும் யோனி அறுவை பின்னாளில் சுருங்கி, பருவ வயதில் மறுபடி மேசைக்குக் கொண்டுபோகும். உறவினர் வாய்க்குப் பயந்து செய்யும் வேலை இது என்பேன்.

விரைச் சுரப்பி வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனை உடல் முற்றிலும் ஏற்காத வகையில், பருவமடைவதற்கு முன் புற்றுநோய் வாய்ப்பு மிகக் குறைவு, காத்திருக்கலாம். ஒய் குரோமோசோம் இருந்து, சுரப்பி சரியாக உருவாகாமல் நார்போல் கிடந்தால் ஆபத்து அதிகம். முன்கூட்டியே எடுப்பதற்கு நியாயம் உண்டு. ஆக, நோயின் பெயர் உறுதியாகாமல் அறுவைக்கு நாள் குறிக்கக் கூடாது.

சட்டமும் இங்கே குறுக்கே நிற்கிறது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதை அடுத்து, ஊடுபால் குழந்தைகளுக்கு (ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்புக்குள் அடங்காமல் பிறந்தவர்கள்) பாலினத்தைச் 'சரிசெய்யும்' அறுவையை, உயிராபத்து நேரம் தவிர, தமிழக அரசு அதே ஆகஸ்டில் அரசாணை போட்டுத் தடுத்தது. பெற்றோர் கையெழுத்தைக் குழந்தையின் சம்மதமாகக் கொள்ள முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் நிலை.

பிறப்புப் பதிவுக்கு 21 நாள் கெடு. பெயரைப் பிறகு சேர்க்கலாம், அதற்காக அவசரம் வேண்டாம். குரோமோசோம் அறிக்கை, ஸ்கேன், மருந்து அளவுச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். பதினைந்து வயதில் அதைக் கேட்கப்போவது அந்தப் பிள்ளைதான்.