கடைத்தேங்காயும் வழிப்பிள்ளையாரும்: மான்செஸ்டர் யுனைடெட்டின் 20 வருடக் கணக்கு

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப் தோற்கிற வாரமெல்லாம் இந்தச் சண்டை புதிதாக ஆரம்பிக்கும். ஒரு பக்கம் "கிளேசர் அவுட்", அதாவது கிளப்பை வைத்திருக்கிற கிளேசர் குடும்பம் வெளியேறட்டும் என்ற கோஷம். எதிர்ப்பக்கத்திலிருந்து ஆட்டக்காரர்களை வாங்கிய விலைப் பட்டியல் வந்து விழும்: 2016ல் போக்பாவுக்கு 8.9 கோடி பவுண்டு, 2019ல் மகுவயருக்கு 8 கோடி, 2021ல் சாஞ்சோவுக்கு 7.3 கோடி, 2022ல் ஆன்டனிக்கு 8 கோடிக்கு மேல். இத்தனை கோடியை இறைத்த முதலாளியைக் கஞ்சன் என்று திட்டுவதில் என்ன நியாயம்?

பட்டியல் சரி, கேள்விதான் தப்பு. ஆட்டக்காரர்களுக்குப் பணம் போனதில் யாருக்கும் சந்தேகமில்லை. அது யார் பையிலிருந்து போனது? டிக்கெட், டிவி, ஜெர்சி, ஸ்பான்சர் என்று கிளப் சம்பாதித்த காசும், கிளப் பெயரில் வாங்கிய கடனும்தான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு, புண்ணியத்தை மட்டும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிற வேலை இது.

வாங்கிய விதத்திலேயே இது தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் டாம்பா பே பக்கனீர்ஸ் அணியின் சொந்தக்காரர் மால்கம் கிளேசர், 2003லிருந்து யுனைடெட் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவந்தார். 2005 மே 12 அன்று ஜான் மேக்னியர், ஜே.பி. மெக்மேனஸ் என்ற இரண்டு ஐரிஷ் குதிரைப் பந்தய முதலாளிகள் தங்கள் 28.7 சதவீதத்தை அவருக்கு விற்றார்கள். நான்கே நாளில் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டார். 75 கையில் இருந்தால் கம்பெனியைப் பங்குச்சந்தையிலிருந்து எடுத்துவிடலாம். அதற்கும் மேலே போய் 90 சதவீத அளவைத் தொட்டால், மிச்சமிருக்கிற சிறு பங்குதாரர் விரும்பாவிட்டாலும் விற்றே ஆகவேண்டும். தாத்தா காலத்திலிருந்து பத்துப் பதினைந்து பங்கைச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருந்த ரசிகர்களின் பங்கும் இப்படித்தான் கைமாறியது.

மொத்த விலை 79 கோடி பவுண்டு. அதில் பாதிக்கு மேல் கடன். சாதாரணமாக வீடு வாங்குகிறவர் தன் சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்குவார், தன் சம்பளத்திலிருந்தே தவணை கட்டுவார். இங்கே வீட்டையே அடமானம் வைத்து, வீட்டின் வாடகை வருமானத்தில் தவணை கட்ட வைத்தார்கள். 1931க்குப் பிறகு கடனே இல்லாமல் இருந்த கிளப் அது. 2006ல் கடனைத் திருப்பியமைத்தபோது மொத்தம் 66 கோடி பவுண்டு, வருட வட்டி மட்டும் சுமார் 6.2 கோடி. அந்த வருடங்களில் ஒரு முன்னணி ஸ்ட்ரைக்கரையும் ஒரு நல்ல டிஃபெண்டரையும் வருடா வருடம் வாங்கப் போதுமான தொகை.

அதிலும் மோசமானது பிக் (PIK) என்ற வகைக் கடன், சுமார் 13.8 கோடி பவுண்டு. வட்டியை மாதாமாதம் கட்ட வேண்டாம், அசலோடு சேர்ந்துகொண்டே போகும். வட்டி வீதம் 14.25 சதவீதம். 100 பவுண்டு வாங்கியிருந்தால் முதல் வருட முடிவில் 114.25, இரண்டாம் வருடம் 130.53, மூன்றில் 149.13, நான்கில் 170.38, ஐந்தாவது வருடத்தில் 194.66. வட்டி குட்டி போடுவது என்று நம்மூரில் சொல்வது இதைத்தான். 2010ல் வீதம் 16.25 ஆக ஏறியது. அந்த நவம்பரில் அடைத்தபோது கொடுத்த தொகை சுமார் 22 கோடி.

இடையில் 2009ல் ரொனால்டோ 8 கோடிக்கு ரியால் மாட்ரிட் போனார். பதிலுக்கு வந்தவர்கள் 1.6 கோடிக்கு வலென்சியா, இலவசமாக மைக்கேல் ஓவன். அப்போதைய மேனேஜர் ஃபெர்குசன் "சந்தையில் மதிப்புக்கேற்ற விலை இல்லை" என்று கிளேசர்களுக்காகப் பேசினார். 2007, 2008, 2009, 2011, 2013 என்று ஐந்து லீக் பட்டம், 2008ல் சாம்பியன்ஸ் லீக் வந்தபோது கடனைப் பற்றி யாருக்கும் காது கேட்கவில்லை. ஃபெர்குசன் போன பிறகு லீக் பட்டம் ஒன்றுகூட இல்லை. கிளேசர் ஆட்சிக்கு அவர் எவ்வளவு பெரிய கூரையாக இருந்தார் என்பது கூரை போனபின்தான் தெரிந்தது.

நியாயத்துக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வியாபாரம் நன்றாகவே செய்தார்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பொருளுக்கும் தனி ஸ்பான்சர் பிடிக்கிற முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் இவர்கள்தான். அடிடாஸுடன் 10 வருடத்துக்கு 75 கோடி ஒப்பந்தம், 2023ல் அதைப் புதுப்பித்து 90 கோடி. வருமானம் நான்கு மடங்குக்கு மேல் ஏறியது. ஆனால் பிரீமியர் லீக் டிவி உரிமையும் அதே காலத்தில் எல்லாக் கிளப்புக்கும் வீங்கியது; அந்தப் பங்கையும் இவர்கள் சாமர்த்தியத்தில் சேர்த்துவிடக் கூடாது.

இனி ஓட்டுக் கணக்கு. ரசிகர் விவாதத்தில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். 2012 ஆகஸ்டில் நியூயார்க் பங்குச்சந்தையில் பங்கு வெளியிட்டார்கள். 16 முதல் 20 டாலர் வரை எதிர்பார்த்தது 14 டாலரில் முடிந்தது, திரண்டது 23.3 கோடி டாலர். அதில் பாதி மட்டுமே கிளப்பின் கடனுக்குப் போனது, மறுபாதி குடும்பத்துக்கு. பங்கில் இரண்டு வகை: சந்தையில் விற்கும் ஏ வகைக்குப் பங்குக்கு ஒரு ஓட்டு, குடும்பம் வைத்திருக்கும் பி வகைக்குப் பங்குக்கு பத்து ஓட்டு. மொத்தம் 100 பங்கு, அதில் 33 ஏ, 67 பி என்று வைத்துப் பாருங்கள். ஓட்டு 33ம் 670ம். மூன்றில் ஒரு பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஓட்டில் 5 சதவீதம்கூட இல்லை. ஆகவே "ரசிகர்கள் எல்லாரும் சேர்ந்து பங்கு வாங்கிக் கைப்பற்றுவோம்" என்கிற யோசனை, சந்தையில் கிடைக்கும் அத்தனை பங்கையும் வாங்கினாலும் ஓட்டெடுப்பில் தோற்றுவிடும். 2021ல் பெரிய கிளப்புகள் சேர்ந்து தனியாக ஆரம்பிக்கப் பார்த்த சூப்பர் லீக் கூத்து 48 மணி நேரத்தில் கவிழ்ந்து, மே 2 அன்று ரசிகர்கள் கிளப்பின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டின் புல்தரையில் இறங்கி லிவர்பூல் ஆட்டமே தள்ளிப்போனதே, அதன் பிறகு ரசிகர்களுக்கும் சமமான ஓட்டுள்ள பங்குத் திட்டம் தருவதாக மால்கமின் மகன் ஜோயல் கிளேசர் சொன்னார். அது நடக்கவில்லை.

கணக்கறிக்கையைத் தாங்களே படிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வசதி: நியூயார்க் சந்தையில் இருக்கிற இந்த கிளப் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. லாபநஷ்டத் தலைப்பைப் பார்த்து நின்றுவிடாதீர்கள். முதலில் கடன் வரி. பெரும்பகுதி 65 கோடி டாலர் கடன், அது டாலரிலேயே இருக்கிறது. ஒரு பவுண்டு 1.40 டாலராக இருந்தால் இது 46.4 கோடி பவுண்டு, 1.20க்கு விழுந்தால் 54.2 கோடி. ஒரு காசு புதிதாக வாங்காமலே கடன் கிட்டத்தட்ட 8 கோடி ஏறிவிடும். 2022ல் பவுண்டு சரிந்தபோது "யுனைடெட் மேலும் கடன் வாங்கிவிட்டது" என்று கிளம்பிய செய்திகளில் பாதி இந்த நாணய மாற்றம்தான். கிளேசரைத் திட்டுகிறவர்கள் திட்டுவதற்கு நிஜமான காரணங்களே நிறைய இருக்கும்போது இந்த மாதிரிப் பொய்க்காரணம் எதற்கு?

இரண்டாவது, ஆட்டக்காரர் விலையைத் தேய்மானமாக எழுதும் வரி. 8 கோடிக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால் வருடத்துக்கு 1.6 கோடி செலவு. மூன்று வருடம் கழித்து ஏட்டில் மிச்சம் 3.2 கோடி. அப்போது 2.5 கோடிக்கு விற்றால் 70 லட்சம் நஷ்டம். சொந்த அகாடமியில் வளர்ந்தவருக்கு ஏட்டு மதிப்பே கிடையாது. விற்கிற தொகை அப்படியே லாபம். அப்படி வளர்ந்த மக்டாமினேயை 2024ல் இத்தாலியின் நாப்போலிக்கு விற்றதன் கணக்கு இது. மூன்று வருடத்தில் 10.5 கோடிக்கு மேல் நஷ்டம் கூடாது என்பது அப்போதைய லீக் விதி. யுனைடெட் 2022ல் 11.55 கோடி, 2023ல் 2.87 கோடி, 2024ல் 11.32 கோடி நஷ்டம் காட்டியது. அகாடமி, பெண்கள் அணி, மைதானம் போன்ற செலவுகளைக் கழித்துக்கொள்ள அனுமதி இருந்ததால்தான் தப்பித்தார்கள்.

மூன்றாவது, மற்ற கிளப்புகளுக்கு இன்னும் கட்ட வேண்டிய டிரான்ஸ்ஃபர் பாக்கி. இன்று வாங்கு, நான்கு தவணையில் கட்டு என்கிற பழக்கம். 2025 மார்ச்சில், கிளப்பில் பங்கு வாங்கி நுழைந்த பிரிட்டிஷ் கோடீஸ்வரர் ஜிம் ராட்கிளிஃப், இப்படியே போயிருந்தால் அந்தக் கிறிஸ்துமஸுக்குள் கையில் காசே இருந்திருக்காது என்றார். அதற்கு அவர் காட்டிய காரணங்களில் இந்தப் பழைய தவணைகளும் உண்டு. இவ்வளவு இறுக்கத்திலும் 2016லிருந்து 2022 வரை வருடத்துக்கு ஏறத்தாழ 2 கோடி பவுண்டு பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையாகப் போனது.

ராட்கிளிஃப் வந்த கதைக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் பங்குக்கு 33 டாலர் கொடுத்து நுழைந்தார், அந்த வருடக் கடைசியில் 28.94 சதவீதம். கொடுத்தது 120 கோடி பவுண்டுக்கு மேல், ஆனால் கிளப்புக்குள் வந்தது 30 கோடி டாலர்தான். மிச்சமெல்லாம் பங்கு விற்றவர்கள் கைக்குப் போனது. கிளேசர் குடும்பத்திடம் இப்போது பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு, ஓட்டிலோ மூன்றில் இரண்டு. ஆட்ட விவகாரம் ராட்கிளிஃப் கையில், கிளப் இன்னும் அவர்கள் கையில்.

ஆட்ட விவகாரமாவது உருப்பட்டதா? மேனேஜர் டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டி அக்டோபரில் நீக்கினார்கள். அவருக்கும் உதவியாளர்களுக்கும் இழப்பீடு சுமார் 1 கோடி. விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த் ஐந்தே மாதத்தில் போனார். புது மேனேஜராக அமோரிமை போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பிடமிருந்து எடுக்க இன்னொரு கோடி. இதே நேரத்தில் முதலில் 250 பேர், பிறகு 200 பேர் வரை வேலைக் குறைப்பு, ஊழியர்களின் இலவச மதிய உணவு ரத்து, சீசன் நடுவில் சிறுவர், முதியவர் என்ற சலுகையே இல்லாமல் 66 பவுண்டு டிக்கெட். சாப்பாட்டுத் தட்டில் மிச்சம் பிடித்ததை மேனேஜர் நாற்காலியில் கொட்டினார்கள். 2024-25ல் 42 புள்ளியோடு 15வது இடம், பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் டாட்டன்ஹாமிடம் 0-1 தோல்வி. சாம்பியன்ஸ் லீக் இல்லாத ஒவ்வொரு வருடமும் அடிடாஸ் ஒப்பந்தத்தில் 1 கோடி வெட்டு என்பது தனி.

அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிக்கப்போவது மைதானம். 2025 மார்ச்சில் அறிவித்தது 1 லட்சம் பேர் உட்காரும் புது மைதானம், செலவு 200 கோடி பவுண்டு. பழைய ஓல்ட் டிராஃபோர்டு சுமார் 74,000 பேருக்கானது; 2006க்குப் பிறகு பெரிய வேலை எதுவும் நடக்கவில்லை, 2024 மே மாதம் ஆர்செனல் ஆட்டத்தன்று மழைத்தண்ணீர் கூரையிலிருந்து அருவியாகக் கொட்டியதை உலகமே பார்த்தது. மாற்றம் வேண்டும் என்பதில் சண்டையில்லை. முழுத்தொகையையும் 6 சதவீத வட்டிக்கு வாங்கினால் வருட வட்டி 12 கோடி. 2024-25ல் ஆட்ட நாள் வருமானம் மொத்தமே 16 கோடிதான். கூடுதலாக வரும் 26,000 இருக்கைகள் வட்டியைச் சுமக்க வேண்டுமென்றால் இருக்கை விலை என்னவாகும் என்று போட்டுப் பாருங்கள். டாட்டன்ஹாம் 2019ல் தன் மைதானக் கடனை 3 சதவீதத்துக்கும் குறைந்த வட்டியில் நீண்ட காலத்துக்குப் பூட்டிவைத்தது. அந்த வட்டிக்காலம் போய்விட்டது.

ஜெர்மனியில் உறுப்பினர்கள் கையில் பாதிக்கு மேல் ஓட்டு இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறதே, அதை இங்கே கொண்டுவரலாமே என்பார்கள். கொண்டுவரலாம், ஆனால் விற்றுப்போன கிளப்பைத் திருப்பி வாங்க யார் பணம் போடுவது? 2005லேயே கோபத்தில் பிரிந்த ரசிகர்கள் எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் தொடங்கினார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு, 2015ல் சொந்த மைதானம். கீழ் டிவிஷனில் இன்றும் நடக்கிறது. 2010ல் பச்சை-தங்க ஸ்கார்ஃப் அணிந்த போராட்டம், ரெட் நைட்ஸ் என்ற பணக்கார ரசிகர் குழுவின் முயற்சி எல்லாம் விலையில் முட்டி நின்றன. பிரிட்டனில் 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம் புதிய ஓனரின் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும், டிக்கெட் விலையில் ரசிகர்களைக் கலந்து பேசச் சொல்லும். 2005ல் அது இருந்திருந்தால் கதை வேறு. ஏற்கெனவே ஏற்றிய கடனை அது இறக்காது.

"ராட்கிளிஃப் மிச்சத்தையும் வாங்கிவிடுவார்" என்று காத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்தைப் படிக்க வேண்டும். வாங்கிப் பதினெட்டு மாதம் முடிந்த பிறகு கிளப் முழுவதையும் கேட்டு வேறொருவர் வந்து, கிளேசர்கள் சரி என்றால், ராட்கிளிஃபும் தன் பங்கை அதே ஆளுக்கு விற்க வேண்டி வரலாம். அந்தப் பதினெட்டு மாதம் 2025 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. 2015ல் வெளியிட்ட 42.5 கோடி டாலர் கடன்பத்திரத்துக்கு 3.79 சதவீத வட்டி, அசல் கட்ட வேண்டிய வருடம் 2027. இன்றைய வட்டி வீதத்தில் அதைப் புதுப்பிக்கிற செலவும், மைதானத்துக்குப் புதிதாக வாங்கப்போகிற கடனும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது, ஆறு கிளேசர் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இன்னும் கிளப்பை வைத்திருக்க ஆசை இருக்கும் என்பதுதான் விஷயம்.