கெட்டது வயர் இல்லை

லோ என்ற அமெரிக்க இசைக்குழுவின் ‘டபுள் நெகட்டிவ்’ ஆல்பத்தை முதன்முதலில் போட்டபோது, ஹெட்போன் ஜாக்கைப் பிடுங்கி, சட்டையில் துடைத்து, மறுபடி செருகினேன். இடது பக்க வயர் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்தது. காதுக்குள் கரகரவென்று ஓர் இரைச்சல், மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கியது. வேறொரு பாட்டைப் போட்டேன், சுத்தமாகக் கேட்டது. திரும்பி வந்தால் அதே கரகரப்பு. சற்று நேரத்தில் அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல் எழுந்தது. கெட்டது வயர் இல்லை, வேண்டுமென்றே கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

இத்தனைக்கும் எனக்கு இவர்கள் புதியவர்கள் அல்லர். குழுவை நடத்திய ஆலன் ஸ்பார்ஹாக்கும் மிமி பார்க்கரும் கணவன் மனைவி. கிரஞ்ச் என்ற முரட்டு கிட்டார் ராக் இசை காதைப் பிளந்துகொண்டிருந்த 1994-இல் ‘ஐ குட் லிவ் இன் ஹோப்’ என்று முதல் ஆல்பம் போட்டார்கள். பதினொரு பாடல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒற்றைச் சொல்லில் தலைப்பு, எல்லாம் ஆமை வேகம். மிமி நின்றுகொண்டேதான் வாசிப்பார். முன்னால் ஓரிரண்டு டிரம்மும் ஒரு சிம்பலும். அவற்றையும் பெரும்பாலும் பிரஷ்ஷால் வருடுவார். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே கிடக்கும் இடைவெளிக்காகவே அந்த ஆல்பத்தைப் பல இரவுகள் கேட்டிருக்கிறேன். (அதைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போன இரவுகளும் உண்டு. அதைக் குறையாகச் சொல்லவில்லை.)

இவர்களின் உச்சம் 2001-இல் வந்த ‘திங்ஸ் வி லாஸ்ட் இன் த ஃபயர்’ என்பது பலரின் கட்சி. ஸ்டீவ் ஆல்பினி பதிவு செய்தது. பழுது சொல்ல இடமே இல்லை. அதனால்தானோ என்னவோ நான் அதை அடிக்கடி எடுப்பதில்லை. 2005-இல் கிட்டாரைத் தூக்கலாக வைத்து வந்த ‘த கிரேட் டிஸ்ட்ராயர்’ இரவல் சட்டை போட்டதுபோல் எனக்குப் பட்டது.

என் ஓட்டு 2018-இன் ‘டபுள் நெகட்டிவ்’வுக்குத்தான். அதில் ‘ஃபிளை’ என்ற பாட்டைக் கேளுங்கள். அடியில் கனமாக ஒரு துடிப்பு. அதன்மேல் மிமியின் குரல், உடைந்துவிடுமோ என்று நாம் பயப்படும் உயரத்தில் போய் நிற்கிறது. சுற்றிலும் எல்லாம் சிதைந்துகிடக்கும்போது அந்தக் குரலை விட்டுவிடக்கூடாதே என்று காது தானாகவே கூர்மையாகிறது. ஆரம்ப நாட்களில் மௌனம் செய்த வேலையை இங்கே இரைச்சல் செய்கிறது. பாடலை மறைத்து, நம்மைக் கிட்டே வரவழைக்கிறது.

மிமி 2022 நவம்பரில் புற்றுநோயால் இறந்தார். 2024-இல் ஆலன் தனியாக ஓர் ஆல்பம் கொண்டுவந்தார். அதில் தன் குரலை அடையாளமே தெரியாத அளவுக்கு இயந்திரத்தில் போட்டுத் திரித்திருக்கிறார். துக்கத்தில் இருப்பவர் எதற்கு இப்படிக் குரலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். மனைவி இல்லாமல் தன் சொந்தக் குரல் மட்டும் தனியாக ஒலிப்பதை அவரால் கேட்க முடிந்திருக்காது என்பது என் ஊகம். முழுவதுமாக ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன்.