பனியுகமும் மீனும்: படம் கீறிப் படித்த அனுபவம்

விலங்கியல் இறுதியாண்டில் என்னை அதிகம் அலைக்கழித்தது, பனியுகங்கள் துருவ மீன்களின் மரபணுவில் விட்டுப்போன தடங்கள் பற்றிய பாடம். ஆண்டுகளையும் பெயர்களையும் பாடமாக்கிக்கொண்டு போனேன். வாய்மொழிப் பரீட்சையில், நடுவில் ஒரு பெரிய வட்டமும் சுற்றிச் சின்ன வட்டங்களுமாக நட்சத்திரம் போன்ற ஒரு படத்தைக் காட்டி, "இந்த மீனுக்கு என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டார்கள். வாய் அடைத்துப் போனது.

அன்று பின்னேரம் மட்டக்களப்பு முகத்துவாரத்துக்குப் போனேன். மணல்திட்டு வாவியின் வாயை மூடிக் கிடந்தது. வலை உதறிக்கொண்டிருந்த மாமா ஒருவர், "மாரி வரட்டும் மகள், வாய் வெட்டினாத்தான் உள்ள கிடக்கிறது வெளியால போகும்" என்றார். பாதை அடைபட்டால் குடித்தொகை பிரியும், திறந்தால் கலக்கும். வாவியில் சில மாதம், துருவத்தில் பல்லாயிரம் ஆண்டு.

சரி, அந்தப் படத்துக்கு வருவோம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனி உச்சத்தில் இருந்தது. கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே. அந்தாட்டிக்காவில் பனிவிரிப்பு பல இடங்களில் கண்டமேடையின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடியின்) விளிம்புவரை வந்து கடலடியைச் சுரண்டியது. அடியில் வாழும் மீன்களுக்கு இடமில்லை. பனி மூடாமல் எஞ்சிய ஒதுக்கிடங்களில் கொஞ்சம் தப்பின. மரபணுப் பல்வகைமை சுருங்கியது. இதுதான் போத்தல் கழுத்து விளைவு. பனி விலகியதும் அந்தக் கொஞ்சம் பெருகிப் பரவியது. படத்தின் நடுவிலுள்ள பெரிய வட்டம் பல மீன்களிடமும் உள்ள இழைமணி டிஎன்ஏ (கலத்தின் இழைமணி என்ற சக்தி உறுப்பிலுள்ள டிஎன்ஏ) வகை. சுற்றியுள்ள சின்ன வட்டங்கள், ஒன்றிரண்டு விகாரங்களால் (டிஎன்ஏ மாற்றங்களால்) மட்டும் அதிலிருந்து வேறுபட்ட புதியவை. இதை நீங்களே பத்துத் தடவை கீறிப் பாருங்கள்.

ஆனால் நட்சத்திரத்தைக் கண்டதும் பனியுகம் என்று எழுதிவிடாதீர்கள். இழைமணி டிஎன்ஏ தாய்வழி மட்டுமே வருவது, அதன்மீது இயற்கைத் தேர்வு நடந்தாலும் இதே வடிவம் வரலாம். கலத்தின் கருவிலுள்ள டிஎன்ஏயையும் பார்க்கவேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

பலர் இடறும் இன்னோர் இடம் உண்டு. அந்தாட்டிக் மீன்களின் இரத்தம் குளிரில் பனிக்கட்டியாகாமல் காக்கும் புரதமும், அங்குள்ள பனிமீன்கள் என்ற இனங்கள் ஈமோகுளோபினை இழந்ததும் பல மில்லியன் ஆண்டுப் பழைய கதை. கடைசிப் பனியுகத்தின் கணக்கில் அவற்றைச் சேர்க்கக்கூடாது.

வடக்குக்கு "ஆர்க்டிக் சார்" (Arctic charr) என்ற மீனை உதாரணமாக எடுங்கள். வெவ்வேறு ஒதுக்கிடங்களில் பிரிந்து தப்பிய அதன் கிளைகளை இழைமணி டிஎன்ஏயில் இன்றும் தனித்தனியாகக் காணலாம். இறுதிப் பரீட்சையில் இதற்குத்தான் முதலில் படம் கீறினேன், பிறகுதான் எழுதத் தொடங்கினேன்.