ராடுதான் முதலில்: வீட்டு எடைப் பயிற்சி அறை, இதுவரை

ராடைத் தாங்கும் சட்டமான ராக்கின் தூண்கள் நின்றுவிட்டன, பெஞ்சும் எடைப் பிளேட்டுகளும் வந்துவிட்டன, பளு கைநழுவினால் தாங்கிக்கொள்ளும் சேஃப்டி பாரும் தரைக்கான ரப்பர் மேட்டும்தான் வர வேண்டியிருக்கின்றன. எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சென்ற வாரம் ராடு வந்து இறங்கியதிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் எடைப் பயிற்சிக்கு இடம் ஒதுக்குகிறவர்கள் மல்டி ஜிம்மா, பெஞ்சா, டம்பெல்லா என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். ராடை மட்டும் பிளேட்டோடு சேர்த்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு தூக்கலிலும் நம் கையில் இருப்பது அந்த ராடுதான் என்பதால், பட்ஜெட்டின் பெரும்பங்கை அதற்கே ஒதுக்கினேன், அது சரியான முடிவு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

ஐந்தடி மெல்லிய ராடை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ராக்கின் வெளி அகலம் 124 சென்டிமீட்டர். ஐந்தடி ராடை அதில் வைத்தால் பிளேட் மாட்ட இரு பக்கமும் ஒரு சாண்கூட மிஞ்சாது. ஒலிம்பிக் ராடு 2.2 மீட்டர் நீளம், 20 கிலோ எடை, பிளேட் மாட்டும் முனைக்குழலான ஸ்லீவின் விட்டம் 50 மில்லிமீட்டர்; இரு ஸ்லீவுகளுக்கு இடைப்பட்ட பிடி மட்டுமே 131 சென்டிமீட்டர் என்பதால் ராக்கில் தாராளமாக உட்காரும். பத்தடி அகல அறையில் அதை வைத்தால் பக்கத்துக்கு 42 சென்டிமீட்டர்தான் மிஞ்சுகிறது. பிளேட் மாட்டும்போது உடம்பை ஒருக்களித்து நிற்க வேண்டியிருக்கும், ஆனால் மாட்ட முடியும்.

என் நேரத்தையெல்லாம் விழுங்கியது ஸ்லீவ். பளுவைத் தோளுக்கு ஏற்றும்போது ராடு கைக்குள் சுழல்கிறது. ஸ்லீவ் தனியே சுழலாவிட்டால் பிளேட்டின் சுழற்சி முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். மலிவான ராடுகளில் ஸ்லீவை ஓர் அறுகோண போல்ட் பிடித்திருக்கும். ராடின் முனையைப் பார்த்தாலே அந்த போல்ட் தலை தெரியும். பிளேட்டோடு ராடு தரையில் மோத மோத அது தளரும். நல்ல ராடில் அந்த வேலையைச் சர்க்லிப் என்ற பூட்டு வளையம் செய்யும். ஸ்லீவ் சுழல உள்ளே இருப்பது கன்மெட்டல் புஷ்ஷா (வெண்கல வளையம்), நீடில் பேரிங்கா (மெல்லிய உருளைகள் கொண்டது) என்பது அடுத்த கேள்வி. ஸ்நாட்ச், கிளீன் என்று ராடை வேகமாக மேலே ஏற்றுகிறவர்களுக்குப் பேரிங் பயன்படும். பஸ்கி, பெஞ்சில் படுத்துத் தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் என்றிருக்கும் எனக்குப் புஷ்ஷே போதும், பராமரிப்பும் குறைவு. ஸ்லீவை நீளவாக்கில் இழுத்துப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர் அசைவு இருந்தது. அவ்வளவு இருக்கலாம். இரு பக்கமும் ஒரே அளவில் அசைகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

அடுத்தது வளைவு. ராடை ராக்கின் கொக்கிகளில் வைத்து, ஒரு முனைக்கு அருகே அட்டைத் துண்டு ஒன்றை நிறுத்தி, நடுத்தண்டை மெதுவாக உருட்டினால், அட்டைக்கும் முனைக்கும் இடையிலான இடைவெளி மாறாமல் இருக்க வேண்டும். இடைவெளி கூடிக் குறைந்தால் ராடு வளைந்திருக்கிறது என்று பொருள், திருப்பி அனுப்பிவிடலாம். விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் டென்சைல் எண், இரும்பு முறிகிற இடத்தைத்தான் குறிக்கிறது. நிரந்தரமாக வளையத் தொடங்கும் இடம் அதற்கு முன்பே வந்துவிடும். நமக்கு வேண்டியது அந்த ஈல்டு எண். அதைக் கேட்டால் பலரிடம் பதில் இல்லை. பதில் சொன்னவரிடமே வாங்கினேன்.

நான் இருக்கும் திருவான்மியூரில் கடற்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. பூச்சில்லாத ராடின் நர்லிங் (பிடியில் செதுக்கிய சொரசொரப்பு) கையில் கவ்வுவதுபோல் வேறு எதுவும் கவ்வாது என்பது உண்மைதான். ஆனால் இந்த ஊரில் அதை வைத்துக் காப்பாற்ற முடியாது. ஆகவே ஹார்டு குரோம் பூச்சுள்ளதை எடுத்தேன். குரோம் கனமாக ஏறினால் நர்லிங்கின் பள்ளங்களை மூடிவிடும். இதில் அப்படி மூடவில்லை, உள்ளங்கையில் சொரசொரப்பு நன்றாகவே உறைக்கிறது. வாரம் ஒருமுறை, வழுக்காமலிருக்கக் கையில் பூசும் சாக் தூளை நைலான் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் சில துளிகள் விட்டுத் துணியால் துடைப்பதாக இருக்கிறேன்.

பிளேட்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மீரட்டிலிருந்தும் ஜலந்தரிலிருந்தும் வருகிற வார்ப்பிரும்புப் பிளேட்டுகள் இங்கே கிலோ கணக்கில் கிடைக்கின்றன. நான் எடுத்தவை மூடப்பட்ட ஒரு ஜிம்மின் பழைய பிளேட்டுகள். பழைய இரும்புக் கடையின் எடைமேடையில் ஒவ்வொன்றாக நிறுத்தி, உண்மையான எடையை வெள்ளைப் பெயிண்டால் எழுதி, ஒத்த எடையுள்ளவற்றை ஜோடி சேர்த்தேன். 20 என்று வார்க்கப்பட்டது 19-க்குச் சற்று மேலே நிற்பதும் உண்டு. ஜோடி ஒத்திருந்தால் அது பயிற்சியைக் கெடுக்காது. ராடு ஏழடிக்கு மேல் நீளம் என்பதால் லாரி பார்சல் சர்வீஸில்தான் வரும், கோடவுனுக்குப் போய் நாமே எடுத்துவர வேண்டும். வண்டி வாடகையையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாடி வீடு என்பதால் தளத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். குடியிருப்பு அறைகளுக்கு இந்திய தர நிர்ணயம் வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. ராக், பிளேட், நான் எல்லாம் சேர்ந்தும் 300 கிலோதான், அது நான்கு சதுர மீட்டரில் பரவி நிற்கிறது. கவலை எல்லாம் எடை கீழே விழும் அதிர்ச்சியைப் பற்றித்தான். அதற்காக 12 மில்லிமீட்டர் பிளைவுட் மேல், மாட்டுக் கொட்டகைக்கு விற்கும் தடித்த ரப்பர் மேட்டைப் போடப் போகிறேன். உடற்பயிற்சி மேட் என்ற பெயரில் விற்பதைவிட அது மலிவு, உழைப்பும் அதிகம். புது ரப்பர் வாடை போக மொட்டைமாடியில் காயவைக்க வேண்டும்.

நின்றபடி தலைக்கு மேல் தூக்கும் பிரஸ் இப்போதைக்கு இல்லை. கை முழுதாக நீண்டால் ராடு தரையிலிருந்து 2.1 மீட்டர் உயரத்தில் நிற்கும், பெரிய பிளேட்டின் ஆரம் இன்னும் 22.5 சென்டிமீட்டர், அதற்குச் சற்று மேலேயே மின்விசிறி சுற்றுகிறது. அதைக் கழற்றிச் சுவர் விசிறி மாட்ட எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன். சேஃப்டி பார் வரும்வரை கனமான பஸ்கியும் பெஞ்ச் பிரஸ்ஸும் கிடையாது, மேட் வரும்வரை கனமான டெட்லிஃப்ட்டும் கிடையாது. குறைந்த எடையில் குனிந்து இழுக்கும் ரோயிங் மட்டும் நடக்கிறது.