கண்டெய்னர் வாங்கப் போய் 10,000 ரூபாய் விட்ட கதை

விட்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை.

உத்திரமேரூர் பக்கம் கொல்லையில் மோட்டார் ஸ்டார்ட்டரும் சொட்டுநீர்க் குழாயும் இரண்டு தடவை களவு போயின. ரூம் கட்டுவதற்குப் பதில் பழைய 20 அடி கண்டெய்னர் ஒன்றை இறக்கிப் பூட்டிவிடலாம் என்று தோன்றியது. ஆன்லைனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பளபளவென்று நீலப் பெட்டி, 65,000 ரூபாய், டெலிவரி இலவசம். போனை எடுத்தவர் தங்கமாகப் பேசினார். நான் கேட்பதற்கு முன்னாலேயே ஜிஎஸ்டி எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பார்த்தேன். நிறுவனம் இருக்கிறது, பதிவு நடப்பில் இருக்கிறது, முகவரி சென்னை மணலி. "இன்னும் ரெண்டு பேர் கேக்குறாங்க சார், பத்தாயிரம் டோக்கன் போட்டீங்கன்னா உங்களுக்கு நிறுத்தி வெச்சுடறேன்" என்றார். போட்டேன்.

பணம் அனுப்பும்போது திரையில் வந்தது கம்பெனிப் பெயர் அல்ல, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். கேட்டதற்கு "நம்ம அக்கவுண்டன்ட் சார்" என்றார். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்தும் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து அது யாருடையது என்று சொல்லிவிடும். ஆகவே மொத்தத்தில் ஆறாவதாக வரும் எழுத்து C என்றால் அது கம்பெனி, P என்றால் தனிநபர். எனக்கு வந்த எண்ணில் C இருந்தது. பணமோ தனி ஆளின் கணக்குக்குப் போனது. ஜிஎஸ்டி எண் சரியாக இருந்தால் அந்தக் கம்பெனி உண்மை, அவ்வளவுதான். போனில் பேசுகிறவன் அந்தக் கம்பெனிக்காரன் என்று அதற்கு அர்த்தமில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெட்டியைப் பார்க்க பஸ் பிடித்து மணலி போனேன். முகவரியில் அந்தக் கம்பெனி இருந்தது. ஆனால் அவர்கள் செய்வது லாரி டிரான்ஸ்போர்ட், கண்டெய்னர் விற்பதே இல்லை. வாட்ச்மேன் பெரியவர் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "டோக்கன் கட்டிட்டியாப்பா? இந்த மாசத்துல நீ மூணாவது ஆளு." உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். மோசடி நடந்த சில மணி நேரத்துக்குள் கூப்பிட்டிருந்தால் பணத்தை முடக்க வழி உண்டு. நான் போனது இரண்டு நாள் கழித்து. இன்றுவரை பரிசீலனையிலேயே இருக்கிறது.

டீக்கடையில் உட்கார்ந்து அந்த விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பெட்டிக்குப் பின்னால் வரிசையாக ஊசியிலை மரங்கள். மணலியில் ஏது ஊசியிலை மரம்? கதவில் பெட்டியின் எண்ணும் தெளிவாகத் தெரிந்தது. அதைக் கப்பல் கம்பெனியின் தளத்தில் தட்டினேன். என் பெட்டி போன வாரம் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கியிருந்தது.

சரி, வந்தது வந்தோம் என்று வாட்ச்மேன் கை காட்டிய, பழைய கண்டெய்னர் விற்கும் யார்டுக்குப் போனேன். 65,000 கதையைக் கேட்டு அங்கிருந்த சூப்பர்வைசர் சிரித்தார். "ரெண்டேகால் டன் இரும்பு சார். காயலான் கடையில போட்டாலே அந்தக் காசு வந்துடும். அதை அவன் உங்க கொல்லைக்கு வேற சும்மா கொண்டாந்து தர்றானா?" இந்தக் கணக்கை யாராவது எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம். அவர் சொன்ன விலை 1,18,000, ஜிஎஸ்டி தனி.

முதலில் காட்டிய பெட்டிக்குப் புது பெயிண்ட். உள்ளே போய், வெளியே ஆளை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னேன். (ஆள் இல்லாமல் செய்யாதீர்கள், உள்ளேயிருந்து திறக்க முடியாது.) நடுப்பகல் வெயில், கூரையில் மூன்று இடத்தில் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம். வேண்டாம் என்றேன். இரண்டாவதில் கூரை நன்றாக இருந்தது. குனிந்து அடியில் ஸ்பானரால் தட்டினேன், குறுக்குச் சட்டத்திலிருந்து துரு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. "அடியெல்லாம் யாரு சார் பாக்குறா" என்று அலுத்துக்கொண்டார்கள். எடை முழுக்க அந்தச் சட்டத்தில்தானே நிற்கிறது!

நான்காவது பெட்டி பிடித்துப்போனது. கதவோர ரப்பர் கிழியவில்லை, பூட்டுக் கம்பிகள் நேராக இருந்தன, தரையில் எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இல்லை. இடது கதவில் அறைந்திருக்கும் சி.எஸ்.சி. தகட்டில் (கண்டெய்னரின் பாதுகாப்புச் சான்றுத் தகடு) தயாரித்த ஆண்டு 2009. தரைப் பலகைக்குப் பூச்சிமருந்து ஏற்றியிருக்கும் விவரமும் தகட்டில் உண்டு. விதை மூட்டையை அதில் நேராக வைக்காமல் கட்டை போட்டு வைக்கிறேன்.

அடுத்த இழுபறி ஆபீஸில். கப்பலில் வரும் கண்டெய்னர்கள் ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போய்விடும் என்ற உறுதியின் பேரில் சுங்கவரி இல்லாமல் உள்ளே வருகிறவை. இங்கேயே விற்பதென்றால் வரி கட்டியிருக்க வேண்டும், அதற்கு அத்தாட்சி பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஆவணம். கேட்டதும் கிளார்க்குக்கு முகம் மாறிவிட்டது. "பழைய பெட்டிக்குப் போய் இதெல்லாமா?" ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். கடைசியில் ஜெராக்ஸ் வந்தது. மூன்றாம் பக்கத்தில் என் பெட்டியின் எண் இருந்தது.

அதே கிளார்க் போட்ட பில்லில் எண் தப்பு. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஒற்றை இலக்கம், இதுதான் பெட்டியின் எண். கட்டத்து இலக்கம் சரிபார்ப்புக்கு. இணையத்தில் அதைக் கணக்கிட்டுத் தரும் பக்கங்கள் இருக்கின்றன. பில்லில் இருந்த எண்ணைத் தட்டினேன், பொருந்தவில்லை. பார்த்தால் 47 இருக்க வேண்டிய இடத்தில் 74. "பேனாவால திருத்திக்கலாம் சார்" என்றார். மாட்டேன் என்றேன். பில்லை மாற்றி, சரக்கை வண்டியில் கொண்டுபோக வேண்டிய ஈ-வே பில்லை ரத்து செய்து புதிதாக எடுக்க மாலை ஆகிவிட்டது. அதற்குள் இரண்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டார், பாவம். மீதிப் பணத்தை, பெட்டி டிரெய்லரில் ஏறிய பிறகு, பில்லில் இருந்த அதே பெயருள்ள கணக்குக்குத்தான் அனுப்பினேன்.

டிரெய்லர் 14,000, ஹைட்ரா கிரேன் 6,000. இதில் என் தப்பு ஒன்று. பெட்டியின் கதவு வண்டியின் முன்பக்கம் இருந்தது. எனக்கோ கதவு பாதையைப் பார்த்து இருக்க வேண்டும். மேலே கரண்ட் கம்பி போவதால் தூக்கிச் சுழற்ற ஹைட்ராக்காரர் மறுத்துவிட்டார். டிரைவர் என்னைத் திட்டிக்கொண்டே ரோடு வரை போய், 400 மீட்டர் ரிவர்ஸிலேயே வந்தார். அதற்கு 1,500 கூடுதல். கதவு எந்தப் பக்கம் வேண்டும் என்பதை ஏற்றும்போதே ஒரு படம் வரைந்து கொடுத்துவிடுங்கள்.

இறக்கியதும் கதவு மூடவில்லை. நான்கு மூலைக்கும் சிமென்ட் பீடம் போட்டிருந்தேன், ஒன்று விரல்கடை இறங்கியிருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி ஒரு இரும்புத் தகட்டைச் செருகினோம். கதவு 'டப்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தில்தான் பத்தாயிரத்தைக் கொஞ்ச நேரம் மறந்தேன்.

நேற்று ராத்திரி சும்மா தேடிப் பார்த்தேன். விற்பவர் பெயர் மாறியிருக்கிறது, ஊர் தூத்துக்குடி ஆகியிருக்கிறது. அதே நீலப் பெட்டி, பின்னால் அதே ஊசியிலை மரங்கள். விலை 62,000.