நாக்ஸ் சென்சாரைக் குறை சொல்வதற்கு முன்

போன மாதம் சங்ககிரியிலிருந்து ஒரு 12 சக்கர லாரி வந்தது. பி.எஸ்.6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டி, மூன்று வருடம் ஓடியது. பெங்களூருக்கு லோடு ஏற்றிப் போகும்போது தோப்பூர் ஏற்றத்தில் மஞ்சள் விளக்கு எரிகிறது, கொஞ்ச தூரத்திலேயே பவர் குறைந்துவிடுகிறது என்றார் டிரைவர். ஸ்கேனரில் வந்த கோடு (பழுதுக் குறியீடு) எங்களைப் போன்ற மெக்கானிக்குகளுக்கெல்லாம் பழகியதுதான்: எஸ்சிஆர் (கேட்டலிஸ்ட் வைத்துப் புகையைச் சுத்தம் செய்யும் பகுதி) நாக்ஸை, அதாவது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களைக் குறைக்கவில்லை.

ஓனர் ஏற்கெனவே வேறொரு இடத்தில் பின்பக்க நாக்ஸ் சென்சாரைப் புதிதாகப் போட்டிருந்தார். நாலே நாளில் மறுபடி அதே கோடு. "ஏனுங்க தம்பி, இப்ப கேட்டலிஸ்டையே மாத்தோணும்கிறாங்க. அத்தனை பணத்துக்கு நான் எங்க போறது?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்திருந்தது. ஒரே ஒரு லாரி வைத்துப் பிழைப்பவர். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததிலிருந்து இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்சிஆரில் நடப்பது இது. 32.5 சதவீத யூரியா கரைசலைச் சூடான புகைக்குள் தெளிக்கிறார்கள். அது அம்மோனியாவாக மாறி, கேட்டலிஸ்டுக்குள் நாக்ஸோடு சேர்ந்து நைட்ரஜனும் தண்ணீருமாகப் போகிறது. முன்னால் ஒரு நாக்ஸ் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் 800, பின்னால் 40 என்றால் வேலை ஒழுங்காக நடக்கிறது. பின்னால் எண் கூடினால் கோடு விழும்.

ஆனால் நாக்ஸ் சென்சாருக்கு அம்மோனியாவும் நாக்ஸ் போலத்தான் தெரியும். உள்ளே இருக்கும் சிர்க்கோனியா பீங்கான் அவ்வளவு சூடு. அதில் அம்மோனியா எரிந்து நைட்ரிக் ஆக்சைடாகிவிடும். ஆகவே பின்னால் எண் கூடினால், யூரியா போதாமல் இருக்கலாம், தேவைக்கு மேல் போயும் இருக்கலாம். அந்த ஒரு சென்சாரை மட்டும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் எது என்று தெரியாது.

முதலில் யூரியாவை, கரைசலின் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்புறம் லேப்டாப்போடு கேபினில் ஏறி உட்கார்ந்தேன். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் நின்று, வெறும் காற்றுதான் சைலன்சர் வழியே போகும். நாக்ஸ் சென்சார் ஆக்சிஜனையும் சேர்த்து அளப்பதால் அந்த நேரத்தில் இரண்டும் 21 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். இரண்டும் காட்டின. சென்சார்கள் மேல் சந்தேகம் குறைந்தது.

வொர்க்‌ஷாப்புக்குத் திரும்பி, வண்டியை நின்ற இடத்திலேயே நன்றாகச் சூடேற்றி, ஸ்கேனர் வழியே யூரியாவை நிறுத்தினேன். யூரியா நின்றால் பின்பக்க எண் ஏறத்தானே வேண்டும்? இறங்கியது. 240-இல் இருந்தது 130 வரை வந்து, சற்று நேரம் கழித்துத்தான் மெல்ல ஏறியது. அவ்வளவு நேரம் நாக்ஸ் என்று எழுதிக்கொண்டிருந்ததில் பாதி அம்மோனியா!

சரி, அம்மோனியா ஏன் மிஞ்சுகிறது? வண்டியை அன்றிரவு இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். காலை ஆறு மணிக்கு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, புகைக் குழாயின் மூன்று வெப்ப சென்சார்களையும் பார்த்தேன். இரவெல்லாம் ஆறிய வண்டியில் மூன்றும் ஒன்று போலத்தான் காட்ட வேண்டும். டிஓசிக்கு (புகை முதலில் போகும் கேட்டலிஸ்ட்) முன்னால் 27 டிகிரி, டிபிஎஃபுக்கு (கரித்தூள் வடிகட்டி) முன்னால் 27, எஸ்சிஆருக்கு முன்னால் 71.

71 காட்டிய சென்சாரின் கப்ளரை (ஒயர் இணைப்பு) பிரித்தேன். பின்களில் பச்சைக் களிம்பு. இந்த வகை சென்சார் பூஜ்யம் டிகிரியில் 200 ஓம். டிகிரிக்கு முக்கால் ஓம் கணக்கில் ஏறும். சென்சாரில் நேராக அளந்தால் 221. கப்ளரையும் சேர்த்து அளந்தால் 254. களிம்பு கூட்டிய 33 ஓமை ஈசியூ (இன்ஜினின் கம்ப்யூட்டர்) சூடு என்று நம்பியிருக்கிறது. புகை உண்மையில் 160 டிகிரியில் இருக்கும்போதே 200 தாண்டிவிட்டது என்று நினைத்து யூரியாவை அடித்திருக்கிறது. காலி வண்டியாகத் திரும்பும்போதும் லோடுக்காக வரிசையில் நிற்கும்போதும் அது சரியாக ஆவியாகாமல், புகையோடு யூரியா கலக்கும் மிக்சர் குழாயில் வெள்ளைக் கல்லாகப் படிந்திருக்கிறது. தோப்பூரில் லோடோடு ஏறும்போது குழாய் சூடாகி அந்தக் கல் மொத்தமாக அம்மோனியாவைக் கக்கும். கோடு ஏற்றத்தில் மட்டும் விழுந்தது அதனால்தான்.

மூன்று சென்சார்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை ஈசியூவும் செய்யும். ஆனால் அதற்கு வண்டி பல மணி நேரம் ஆறி நிற்க வேண்டும். இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டும் லைன் வண்டி எங்கே ஆறி நிற்கிறது?

டிபிஎஃபிலும் இதே கதைதான். பிரஷர் சென்சார் காட்டும் அதே எண் முழு லோடில் சாதாரணம், ஐட்லிங்கில் வந்தால் அடைப்பு. புகை எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு சூடு என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் டிபிஎஃபைக் கழற்றாதீர்கள். அதைத் தனியாக எழுதுகிறேன்.

பின்களைச் சுத்தம் செய்து, கப்ளரைப் புதிதாக மாற்றி, மிக்சர் குழாயைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்தேன். கைப்பிடி அளவுக்கு வெள்ளைக் கட்டி கரைந்தது. ஓனர் தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய நாக்ஸ் சென்சாரையும் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். அது நன்றாகவே இருக்கிறது. துணி சுற்றி கேபின் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

வண்டி இதுவரை ஆறு முறை தோப்பூர் ஏறிவிட்டது, விளக்கு எரியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வண்டி வீட்டில் நின்றபோது டிரைவர் தம்பி காலையில் சாவியைத் திருப்பி, ஸ்கேனர் திரையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். 26, 26, 27.