இறுகிப்போன கேம் போல்ட்டும் அடுத்த ஸ்போர்ட்ஸ் காரும்

மூன்று வார இறுதிகளை விழுங்கிய பிறகு, என் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் இடது பின்சக்கரக் கீழ்க்கையில் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்த் தண்டில்) இருந்த கேம் போல்ட், அதாவது திருப்பினால் சக்கரத்தின் கோணத்தை மாற்றும் போல்ட், நேற்று மாலை வெளியே வந்தது. கழற்றிவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் அறுத்துத்தான் எடுத்தேன், அதுவும் துண்டு துண்டாக.

இந்த வண்டியில் சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு கேம் போல்ட்டுகள் உண்டு. பின்சக்கரத்தின் கேம்பர் (உள்ளே வெளியே சாயும் கோணம்), டோ (சக்கரம் நேராகப் பார்க்கிறதா, உள்ளே வெளியே திரும்பியிருக்கிறதா என்பது) இரண்டையும் பின்பக்கத்து போல்ட்டுகளைத் திருப்பித்தான் சரிசெய்ய வேண்டும். டயரின் உள்விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்துபோனதால் அலைன்மென்ட் பார்க்கக் கொண்டுபோனேன். போல்ட் அசையவே இல்லை என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முதல் வாரம் நான் ஏமாந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். நட்டைக் கழற்றிவிட்டு, பிரேக்கர் பார் என்னும் நீளமான நெம்புகைப்பிடியை மாட்டி உடல் எடை முழுவதையும் கொடுத்தபோது, போல்ட் அழகாகத் திரும்பியது. இளகிவிட்டது என்று மகிழ்ந்து பாரை விட்டதும், அது மெல்லப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. போல்ட்டின் தலையில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது: புஷ்ஷின் (கீழ்க்கையின் முனையில் உள்ள ரப்பர் உருளையின்) நடுவில் உள்ள இரும்பு ஸ்லீவோடு, அதாவது குழாயோடு, போல்ட் துருவால் ஒட்டிப்போய்விட்டது, ஆகவே திரும்பியது போல்ட் மட்டுமன்று, ஸ்லீவும் சேர்ந்துதான், சுற்றியிருந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு, பிறகு இரண்டையும் பின்னுக்கு இழுத்துவிட்டது.

துரு இளக்கும் எண்ணெய் இங்கே எடுபடாது. ஸ்லீவின் இரண்டு முனைகளையும் பிராக்கெட் கவ்விப் பிடித்திருப்பதால், எத்தனை நாள் ஊற்றினாலும் எண்ணெய் வெளியே வழியுமே தவிர உள்ளே இறங்காது. டார்ச்சால் சூடேற்றினால், போல்ட் சூடாவதற்கு முன்பே ரப்பர் புகையத் தொடங்கிவிடுகிறது. அந்த நாற்றம் இரண்டு நாள் சட்டையை விட்டுப் போகவில்லை. எஞ்சியது ரம்பம் ஒன்றுதான். பைமெட்டல் பிளேடுகள் இரண்டு, பற்கள் மழுங்கி, போல்ட்டில் ஒரு கீறலோடு ஓய்ந்தன. கார்பைடு பல் வைத்த பிளேடுதான் பொறுமையாக உள்ளே இறங்கியது. பிராக்கெட்டுக்கும் ஸ்லீவுக்கும் இடையே பிளேடு நுழையும் அளவுகூட இடமில்லாததால், ஸ்லீவின் பக்கமாகச் சாய்த்தே அறுத்தேன். ஸ்லீவ் எப்படியும் பழைய புஷ்ஷோடு குப்பைக்குத்தான் போகிறது, பிராக்கெட்டில் வெட்டு விழுந்தால் அது சேர்ந்திருக்கும் சப்ஃப்ரேமையே (கீழ்க்கைகளைத் தாங்கும் சட்டத்தையே) மாற்ற வேண்டியிருக்கும்.

புதிய போல்ட்டுகள் வந்த கதை தனி. பின்பக்கத்துக்கு என்று கேட்டு வாங்கிய பொட்டலத்தில் முன்பக்கத்து போல்ட்டுகள் இருந்தன. வாங்குகிறவர்கள் பாகத்தின் பெயரை நம்பாமல், பாக எண்ணைச் சொல்லியே கேட்க வேண்டும்.

இந்த வண்டி முடியும் முன்பே அடுத்ததைப் பற்றி நினைப்பது பிழைதான் என்றாலும், சிறுவயதில் நோட்டின் கடைசிப் பக்கத்தில், மூடி திறந்து எழும்பும் முகப்பு விளக்குகளோடு கார்களை வரைந்து தள்ளியவனுக்கு அந்தப் பழக்கம் போகுமா? ஹோண்டா எஸ்2000 வெகுநாள் கனவு. அதன் 2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுழற்சி வரை ஏறும் ஓசைக்காகவே பலர் அதை வாங்குகிறார்கள். ஆனால் கேம் போல்ட் துருவேறி ஒட்டிக்கொள்ளும் இதே தொல்லை அதற்கும் உண்டு என்பதால், இப்போது ஆசை பாதியாகிவிட்டது. 1996-இல் வந்த முதல் போர்ஷே பாக்ஸ்டர் மனத்தை இழுக்கிறது. எனினும் அதன் எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் (ஐஎம்எஸ்) பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும். வாங்குவதற்கு முன் ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளுக்குள் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்க்க விடுகிற உரிமையாளர் கிடைத்தால் யோசிக்கலாம்.

பட்டியலில் இப்போது முதலிடம் அதே 1996-இல் வெளிவந்த லோட்டஸ் எலீஸுக்குத்தான். அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த சேஸி, 700 கிலோவைச் சற்றே தாண்டும் எடை என்பவை எல்லாரும் சொல்லும் காரணங்கள். என்னுடைய காரணம் அற்பமானது: அதில் கேம்பரைச் சரிசெய்யக் கேம் போல்ட் கிடையாது, மெல்லிய தகடுகளைச் செருகியோ எடுத்தோ மாற்றுகிறார்கள். அதன் கே-சீரிஸ் எஞ்சினின் ஹெட் காஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையிலான அடைப்புத் தகடு) பற்றிய புகார்களை நானும் அறிவேன். ஆனால் காஸ்கெட்டை மாற்ற முதுகை நிமிர்த்தி நின்று வேலை செய்யலாம், காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து துருத்தூளைக் கண்ணில் வாங்க வேண்டியதில்லை.

இடது பக்கத்தில் புதிய புஷ் ஏறிவிட்டது, போல்ட்டின் தண்டு முழுவதும் ஆன்டி-சீஸ் (துருவால் ஒட்டாமல் தடுக்கும் பசை) தடவியாயிற்று. நட்டை மட்டும் இன்னும் முறுக்கவில்லை; சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகியே கிடந்து விரைவில் கிழிந்துவிடும் என்பதால், வண்டியின் எடை சக்கரத்தில் ஏறிய பிறகுதான் அதை இறுக்க வேண்டும். அதற்குள் வலது பக்கத்தையும் முடித்தாக வேண்டும். அங்கே நேற்றிரவே வெள்ளைக் கோடு போட்டு பாரை அழுத்திப் பார்த்தேன். கோடு நகர்ந்தது, கையை எடுத்ததும் திரும்பி வந்தது. கார்பைடு பிளேடு இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது.